ஏற்றாமல் விட்ட சூட்டுக்கு நன்றி

பெங்களூர் பீனியாவில் பிளாஸ்மா நைட்ரைடிங் உலைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளுக்கும், ஆய்வு மேசையில் மாதிரித் துண்டுகளைத் தேய்த்து மெருகேற்றும் தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரியாது. டெலிவரி சலானில் எங்கள் பட்டறையின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கூடவே "எஸ்.எஸ். 316எல் பிஸ்டன், கோடு விழாமல் கையாளவும்" என்று ஒரு வரி இருந்திருக்கும். ஊறுகாய், தொக்கு, மசாலா விழுது, தோசை மாவு ஆகியவற்றைப் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் அளந்து நிரப்பும் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்கிறவன் நான். உங்கள் கூடத்துக்கு வந்தால் மேலாளரோடு பேசுவேன், பில்லை வாங்கிக்கொள்வேன், வண்டியை எடுத்துவிடுவேன். உலைப் பக்கம் நிற்பவர்களிடம் நின்று பேசும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் இல்லை. யாருக்கு எழுதுவது என்று பெயர் தெரியாததால் எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதுகிறேன்.

செய்த வேலைக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. நான் நன்றி சொல்ல வந்தது நீங்கள் செய்யாமல் விட்ட ஒரு காரியத்துக்கு. உலையை 420 டிகிரியிலேயே நிறுத்திவைத்தீர்கள். இன்னும் 100 டிகிரி ஏற்றியிருந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கிற வேலை ஒரே ஷிஃப்டில் முடிந்திருக்கும். கரண்ட் பில் குறைந்திருக்கும், அடுத்தவருடைய சரக்கு உள்ளே போயிருக்கும். கடினத்தை அளக்கும் கருவியில் எண் இறங்கியிருக்காது. சான்றிதழும் சுத்தமாக இருந்திருக்கும், நானும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பேன். சில மாதம் கழித்து எங்கோ ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் உப்பு நீர் பட்டு அந்தப் பிஸ்டனில் பழுப்பு இறங்கியிருக்கும். அதற்குள் நூறு கை மாறியிருக்கும், உங்களை யார் தேடி வரப்போகிறார்கள்?

இந்த மடலை வெளியாரும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

எவர்சில்வர் என்றால் கெட்டி என்றுதான் நம் வீடுகளில் நினைப்பு. துருவுக்கு முன்னால் அது கெட்டிதான். உரசலுக்கு முன்னால் மென்மையான உலோகம். சாப்பிடும் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் தேய்த்த கோடுகள் அத்தனையும் தெரியும். ஸ்டீல் செயின் போட்ட கைக்கடிகாரம் வாங்கிய வருடத்திலேயே மேசை விளிம்பில் பட்டு மங்கிவிடும். பாத்திரமாகும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. விக்கர்ஸ் அளவையில் அதன் கடினம் 200 அளவில்தான். பேரிங் செய்யும் எஃகு 700-ஐத் தாண்டும். சாதாரணக் கரிம எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இறுகிவிடும். கொல்லர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. நிக்கல் கலந்த எவர்சில்வர் அதற்கு மசியாது. சூட்டில் அதன் அணுக்கள் எந்த அடுக்கில் இருந்தனவோ, ஆறிய பிறகும் அதே அடுக்கில் இருக்கும்படி நிக்கல் பிடித்துவைத்துக்கொள்கிறது. அடுக்கு மாறினால்தானே இறுக்கம் வரும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913-ல் துருப்பிடிக்காத எஃகை வார்த்தபோது அவர் தேடிக்கொண்டிருந்தது துருவுக்கு மருந்தை அல்ல. துப்பாக்கிக் குழல்கள் உள்ளே அரித்துத் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி கேட்டிருந்தார்கள். தேய்மானத்துக்குப் பதில் தேடப் போனவருக்குத் துருவுக்குப் பதில் கிடைத்தது. அவருடையது நிக்கல் இல்லாத, கத்திக்கு உகந்த ரகம். நாம் பாத்திரமாகவும் பிஸ்டனாகவும் பயன்படுத்தும் குரோமியம், நிக்கல் கலந்த ரகம் ஏறத்தாழ அதே சமயத்தில் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் பெனோ ஸ்ட்ராவுஸ், எட்வர்ட் மாவ்ரர் இருவரின் கையில் உருவானது. தேய்மானம் என்ற பழைய கேள்வி அப்படியே கிடந்தது.

துருவைத் தடுப்பது குரோமியம். எஃகில் அது பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலம் விரிந்துவிடும். கனம் சில நானோமீட்டர். கீறினால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு எவர்சில்வர் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உரசும்போது படலம் கிழிகிறது. மூடிக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் பச்சை உலோகமும் பச்சை உலோகமும் ஒட்டிக்கொள்கின்றன. எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம், சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உரசும் இடத்துச் சூடு அங்கேயே தேங்கி ஒட்டலை இன்னும் மோசமாக்குகிறது. மாடிக் கைப்பிடிக்கு எஸ்.எஸ். போல்ட்டும் எஸ்.எஸ். நட்டும் போட்டு முறுக்கிய எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் தெரியும். பாதி ஏறியதும் "பிடிச்சுக்கிச்சு" என்பார். அதற்குப் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் பிஸ்டனுக்கு இந்தத் துன்பத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. மாங்காய் ஊறுகாயில் உப்பு, புளிப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், கடுகு எல்லாம் உண்டு. உப்புக் கல் உலோகத்தைக் கீறாது, அவ்வளவு மென்மையானது. கடுகும் கீறாது. கீறுவது அவற்றோடு கூடவே வந்து சேரும் நுண்மணல். களத்தில் காயவைத்த மிளகாயை எவ்வளவு புடைத்தாலும் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டுதான் வரும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸில் 1000-ஐத் தாண்டும். 200-க்கும் 1000-க்கும் நடக்கும் உரசலில் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் பிஸ்டனில் நீளவாக்கில் கோடுகள் விழும். அப்புறம் சீல் கசியும். 300 கிராம் பாட்டிலில் அளவு தவறும். கடைசியாகக் கருப்பு இழை ஒன்று தொக்கில் மிதக்கும். அன்றைக்கு எங்கள் தொலைபேசி ஓயாது.

ஆக, எங்களுக்கு வேண்டியது இரண்டு. மணலுக்கு ஈடுகொடுக்கும் தோல் வேண்டும். அந்தத் தோல் உப்புக்கும் புளிப்புக்கும் அசையக் கூடாது. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்குவது சுலபம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் சிக்கல்.

எல்லா வழியும் பார்த்தாயிற்று. ஹார்ட் குரோம் போட்டோம். கடினம் 900 வரை வரும், பளபளவென்று இருக்கும். ஆனால் அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இயல்பாகவே உண்டு. அதன் வழியே உப்பு நீர் உள்ளே போனால் பூச்சு உரியத் தொடங்கும். சாப்பாட்டில் குரோம் செதில் கலக்கிறது என்ற பேச்சே எங்களுக்கு ஆகாது. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஹார்ட் குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு. பீனியாவின் நிலத்தடி நீரில் அது கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நீரை நம்பியிருந்த வீடுகள் நம் தொழிற்பேட்டையைச் சுற்றியே இருக்கின்றன. உங்கள் உலைக்குள் போவது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மின்சாரமும்தான். சாக்கடைக்குப் போக எதுவும் மிஞ்சுவதில்லை. இதற்கும் சேர்த்தே நன்றி, இதை யாரும் பில்லில் எழுதுவதில்லை என்பதால்.

தங்க நிறத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சும் போட்டுப் பார்த்தோம். கடினம் 2000-க்கும் மேல், ஆனால் கனம் இரண்டு மூன்று மைக்ரான்தான். அடியில் இருப்பதோ மெத்தென்ற 316 ரக எவர்சில்வர். மெத்தையின் மேல் வைத்த அப்பளம் மாதிரி, ஒரு மணல் துகள் அழுத்தினால் அடி அமுங்கி மேல் நொறுங்குகிறது. டஃப்ட்ரைட் எனும் உப்புக்குளியலில் தோய்த்தால் 570, 580 டிகிரி சூடு. இறுகும், ஆனால் எவர்சில்வரின் துரு எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

நைட்ரைடிங் என்ற வித்தையே நூறு வயதுக்காரன். அமெரிக்காவில் அடால்ஃப் மாக்லெட்டும், பிறகு 1920-களில் க்ரூப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரையும் அம்மோனியா வாயுவில் எஃகைச் சூடேற்றி, நைட்ரஜன் அணுக்களை மேற்பரப்புக்குள் ஊறச் செய்தார்கள். வெளியே பூசுவதல்ல, உள்ளே ஊட்டுவது. எனவே உரிந்துபோக எதுவும் இல்லை. 1930-களில் பெர்ன்ஹார்ட் பெர்க்ஹாவுஸ் அம்மோனியாவை விட்டுவிட்டு மின் ஒளிர்வைப் பிடித்தார். நீங்கள் தினமும் பார்வைக் கண்ணாடி வழியே பார்க்கும் அந்த ஊதா வெளிச்சம் அவர் வழி வந்தது. உலையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொஞ்சம் நைட்ரஜன், ஹைட்ரஜன் கலவையை விட்டு, பாகத்தையே எதிர்மின்வாயாக்கிச் சில நூறு வோல்ட் கொடுத்தால் வாயு அயனியாகிப் பாகத்தின் மேல் வந்து மோதுகிறது. எவர்சில்வருக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. துருவைத் தடுக்கும் அந்த ஆக்சைடு படலம் நைட்ரஜனையும் உள்ளே விடாது. அயனிகள் மோதி மோதிப் படலத்தைச் சுரண்டி எறிந்து வாசலைத் திறந்துவிடுகின்றன.

திறந்த வாசலில் எவ்வளவு சூட்டோடு நுழைவது என்பதுதான் மீதிக் கதை. வழக்கமான எஃகுக்கு 520, 550 டிகிரி வைப்பார்கள். எவர்சில்வருக்கும் அதையே வைத்தால் உள்ளே போன நைட்ரஜன் குரோமியத்தைத் தேடிப் பிடித்து அதோடு சேர்ந்து குரோமியம் நைட்ரைடு ஆகிவிடும். மேற்பரப்பு கல்லாக இறுகும். ஆனால் துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் நைட்ரஜனோடு கட்டுண்டு கிடக்கும். படலம் கட்ட ஆள் இருக்காது. பெயருக்கு எவர்சில்வர், நடத்தையில் சாதா இரும்பு. அப்படிப்பட்ட பிஸ்டன்கள் ஒரு சமயம் வேறோர் இடத்திலிருந்து எங்களுக்கு வந்தன. பெயர் வேண்டாம். கடினச் சான்றிதழ் அருமையாக இருந்தது. உப்பு நீர்த் தொட்டியில் போட்டு மறுநாள் எடுத்தால் தேநீர் நிறம்.

இதற்கு விடை வந்தது 1980-களின் நடுவில். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டாம் பெல்லும் அவருடைய சகாவான ஜாங்கும் 1985-ல் வெளியிட்ட ஆய்வும், ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் இச்சீ குழுவினர் கண்டதும் ஒன்றையே சொல்லின: சூட்டை 450-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அணு சிறியது. எஃகின் பெரிய அணுக்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் புகுந்து புகுந்து போய்விடும். குரோமியம் பெரிய அணு. நகர வேண்டுமானால் பக்கத்தில் ஒரு காலியிடம் கிடைத்தாக வேண்டும், அதற்கு நல்ல சூடு வேண்டும். 420 டிகிரியில் நைட்ரஜன் ஊர்ந்து போகிறது, குரோமியம் இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை. இருவரும் சந்திக்கிறார்கள், சேர முடிவதில்லை. அணு அடுக்கு நைட்ரஜனால் நிரம்பி, விம்மி, நான்கில் ஓர் அணு நைட்ரஜன் என்று சொல்லும் அளவுக்குப் போகிறது. அந்த விம்மலே இறுக்கம். கடினம் 1000-ஐத் தாண்டுகிறது, குரோமியமும் தன் வேலையை விடவில்லை. ஆய்வுக்காரர்கள் அதை எஸ் ஃபேஸ் என்கிறார்கள்.

இரண்டு அணுக்களின் வேகத்துக்கு நடுவே கிடைத்த ஒரு சின்ன இடுக்குதான் இந்தத் தொழில் முழுவதும். 380-க்குக் கீழே போனால் நைட்ரஜனே நகர மறுக்கும். 450-க்கு மேலே போனால் குரோமியம் விழித்துக்கொள்ளும். நடுவில் இருந்துகொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருப்பும் நேர்க்கோட்டில் பலன் தராது. ஊறும் ஆழம் நேரத்தின் இருமடி மூலத்தோடுதான் வளரும். 10 மைக்ரானை 20 ஆக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். முடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு ஆழத்துக்காக உங்கள் உலை விடிய விடிய எரிகிறது. கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. அந்த நேரத்தில் நாலு பேட்ச் கியரை உள்ளே தள்ளி எடுத்தால் முதலாளிக்கு எவ்வளவு லாபம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சூட்டை ஏற்றினாலும் சான்றிதழ் காட்டிக்கொடுக்காது என்று முன்பே சொன்னேன். பாகம் உப்பு நீரைத் தொடுவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது ஒன்றே ஒன்று, அதுவும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பாகத்தோடு கூடவே உலையில் போட்ட மாதிரித் துண்டைக் குறுக்காக அறுத்து, பேக்லைட்டில் பதித்து, மெருகேற்றி, அமிலக் கரைசலில் நனைத்து உருப்பெருக்கியில் பார்ப்பது. சரியான சூட்டில் வந்த அடுக்கை அமிலம் தொடாது, வெள்ளைப் பட்டையாகத் தெளிவாக நிற்கும். சூடு மீறியிருந்தால் குரோமியம் நைட்ரைடு விழுந்த இடமெல்லாம் அரிபட்டுக் கறுத்துக் காட்டும். ஆய்வு மேசைத் தங்கைகளே, இந்த வேலையில் எத்தனை பொறுமை வேண்டும் என்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். விளிம்பு மழுங்கிவிட்டால் பத்து மைக்ரான் பட்டை இருந்த இடமே தெரியாது. கடினம் அளக்கும்போதும் சில பத்துக் கிராம் பாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வைத்தால் வைர முனை அடுக்கைத் துளைத்துக்கொண்டு அடியிலிருக்கும் மென்மையான உலோகத்தின் எண்ணைக் காட்டிவிடும். கேட்காமலேயே அந்த வெள்ளைப் பட்டையின் படத்தை எங்கள் ரிப்போர்ட்டோடு இணைத்து அனுப்பியவர் உங்களில் யார் என்று தெரியவில்லை. அந்தப் படத்துக்கு அப்புறம்தான் நான் கடின எண்ணை நம்புவதை நிறுத்தினேன்.

துளை உள்ள பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாசில்களில் குறுகிய துளைகள் உண்டு. ஒளிர்வு இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் துளைக்குள்ளே வந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அந்த இடம் மட்டும் தீவிரமாகச் சூடேறிப் பிரகாசிக்கும். தெர்மோகப்பிள் 420 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே துளையின் வாய் 500-ஐத் தாண்டியிருக்கும். கருவி பொய் சொல்லும் நேரம் அது. கண்ணாடி வழியே பார்த்து, அங்கே வெளிச்சம் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதென்று கண்டு, அழுத்தத்தைச் சரிக்கட்டுவதோ துளைகளை அடைத்துவிட்டு மறுபடி ஏற்றுவதோ ஆள் செய்ய வேண்டிய வேலை. அதைப் பின்னிரவில் தூக்கம் அமுக்கும் நேரத்தில் யாரோ செய்திருக்கிறீர்கள். எங்கள் நாசில்கள் அதற்குச் சாட்சி.

இந்த உலைகள் நம் நாட்டுத் தொழிலுக்கு வந்த வழியில் காந்திநகர் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே பாட் கிராமத்தில் 1986-ல் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் அமைந்தது. அணுக்கரு இணைவு என்ற பெரிய கனவுக்காக அமைந்த இடம். அங்கே கைவந்த பிளாஸ்மாவைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுவருவதற்காகவே 1997-ல் தனி மையம் ஒன்றைத் திறந்தார்கள். நைட்ரைடிங் உலைகளைத் தாங்களே கட்டி, நுட்பத்தைத் தனியாருக்கும் கைமாற்றினார்கள். விண்மீன் நெருப்பைத் தேடியவர்களிடமிருந்து ஊறுகாய்க்கு வந்து சேர்ந்த வித்தை என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார்கள்.

தேய்மானத்தை மதிக்கிற ஊர் என்று பெங்களூருக்கு ஒரு மரியாதை உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் துறை 1945-ல் தொடங்கியது. எச்.எம்.டி. 1953-ல் வந்தது, தும்கூர் ரோட்டில் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் 1962-ல். லேத்துகளையும் கிரைண்டர்களையும் கட்டிய ஊர் என்பதால் ஸ்லைடு தேய்வது, புஷ் தளர்வது எல்லாம் இங்கே தெருப் பேச்சு. நாட்டின் பல கல்லூரிகளில் தேய்மான ஆய்வுக்கு வைத்திருக்கும் முள்ளும் தட்டுமான உரசல் கருவியில் டூகாம் என்ற பெயர் இருக்கும். அது பெங்களூரில் பிறந்த நிறுவனம். ஜான் ஆர்ச்சர்ட் 1953-ல் எழுதிய விதியைத்தான் அந்தக் கருவியில் மாணவர்கள் சோதிக்கிறார்கள்: பாரமும் உரசிய தூரமும் ஏற ஏறத் தேய்மானம் கூடும், கடினம் ஏற ஏறக் குறையும்.

நம்மைவிடப் பெரிய இடத்திலும் இதே பாடுதான் என்பதற்குக் கல்பாக்கத்தைச் சொல்கிறேன். அங்கே கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது திரவச் சோடியம். சோடியம் ஆக்சிஜனுக்கு அலையும் உலோகம். எவர்சில்வரின் ஆக்சைடு படலம் அதற்குள்ளே மூழ்கினால் தாக்குப்பிடிக்காது, கிழிந்தால் திரும்ப மூடிக்கொள்ளவும் ஆக்சிஜன் இருக்காது. தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்கள் சூட்டில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். நம் ஃபிட்டருக்கு ஒரு போல்ட் போனால் அறுத்து எடுத்துவிடலாம், அணு உலைக்குள் அது முடியுமா? அதனால் உரசும் பரப்புகளில் கடின உலோகத்தை உருக்கிப் படியவைக்க வேண்டும். எல்வுட் ஹேய்ன்ஸ் 1907-ல் காப்புரிமை பெற்ற ஸ்டெல்லைட் இதற்குப் பேர்போனது. ஆனால் அதில் கோபால்ட் நிறைய. நியூட்ரான் பட்டால் அது கோபால்ட் 60 ஆகும், பாதியாகக் குறையவே ஐந்து வருடத்துக்கு மேல் பிடிக்கும் கதிர்வீச்சுப் பொருள். பராமரிப்புக்குப் போகிறவர்களைச் சுடும். எனவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கோல்மனாயைத் தேர்ந்தெடுத்து, பிளாஸ்மா ஆர்க் கொண்டு படியவைக்கும் முறையை வகுத்தார்கள். அந்த மையத்தின் இயக்குநராக இருந்து இப்படிப்பட்ட வேலைகளை வளர்த்த உலோகவியலர் பல்தேவ் ராஜ் தம் கடைசி ஆண்டுகளைப் பெங்களூரில், தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் கழித்தார். அங்கே அவர்கள் உலோகத்தை மாற்றிப் பராமரிப்புக்காரரின் உடம்பைக் காத்தார்கள். பின்னால் வருகிறவனை நினைத்து முன்னாலேயே ஒரு சொகுசை விட்டுக்கொடுப்பதில் அவர்களுக்கும் உங்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் அடுக்கைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவும் மாட்டேன். அது 10, 15 மைக்ரான்தான். கூரான பாரம் ஒரே புள்ளியில் அழுத்தினால் அடி உலோகம் அமுங்கத்தான் செய்யும். 450 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் பாகத்துக்கு ஆகாது, ஏனென்றால் உலையில் தடுத்த சேர்க்கை வேலையிடத்தில் நடந்துவிடும். நைட்ரைடிங் ஆன பிறகு வெல்டிங் வைப்பதும் கிரைண்டிங் போடுவதும் கொடுத்த காசைத் தேய்த்து எறிவதற்குச் சமம். அளவு மைக்ரான் கணக்கில் கொஞ்சம் ஏறும், பளபளப்பு கொஞ்சம் மங்கும், இரண்டையும் வரைபடத்திலேயே எதிர்பார்த்துவிட வேண்டும். 304 என்று சொல்லிச் சந்தையில் விற்கும் மாங்கனீசு மிகுந்த மலிவு ரகத்தை உங்களிடம் கொண்டுவந்து கொட்டிவிட்டு, துரு வந்ததும் உங்களைக் குறை சொல்லும் ஆட்களும் உண்டு. சோறு வேகவில்லை என்று அடுப்பை உதைப்பவர்கள் அவர்கள்.

எங்கள் பிஸ்டன்கள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்க வாய்ப்பே இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளருடைய எலுமிச்சை ஊறுகாய் வரிசையில் அவை ஓடுகின்றன, எலுமிச்சையும் உப்பும் சேர்ந்தால் என்ன பாடு படுத்தும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வருடாந்தரப் பராமரிப்பில் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் சீல் தேய்ந்திருந்தது, அதை மாற்ற வேண்டியதுதான். பிஸ்டனில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் கோடு எதுவும் இல்லை. துடைத்துத் திரும்பப் போட்டார்கள். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, "இதுக்குப் புதுசு வாங்க வேண்டாமா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, விற்பனையை இழந்துவிட்டு வந்தேன். என் பையன் அதற்காக என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இனிமேல் எங்கள் ஆர்டர் தாள் மாறுகிறது. இதுவரை "கடினம் 900-க்குக் குறையாமல்" என்று ஒரு வரிதான் எழுதினோம், ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த வரி சூட்டை ஏற்றுகிறவனுக்கும் ஏற்றாதவனுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கிறது. புதிய தாளில் உச்சச் சூடு 430 என்றும், அதே ராடில் வெட்டிய மாதிரித் துண்டு ஒன்று கூடவே உலையில் போக வேண்டும் என்றும், அதன் குறுக்குவெட்டுப் படம் வேண்டும் என்றும், 5 சதவீத உப்புத் தெளிப்புச் சோதனை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கூலியைக் கிலோவுக்குப் பதில் உலை நேரத்துக்குக் கணக்கிடச் சொல்லி உங்கள் மேலாளரிடம் பேசிவிட்டேன். எங்களுக்குச் செலவு கூடும், அவருக்கும் முதலில் ஆச்சரியம்தான். பீனியாவில் எவர்சில்வர் பாகம் கொடுக்கும் மற்றவர்களும் இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உரிமை கேட்கமாட்டேன்.

அடுத்த லாட்டில் பிஸ்டன்களோடு கொஞ்சம் நாசில்களும் வருகின்றன. துளை 4 மில்லிமீட்டர். அடைக்க வேண்டிய பின்களை நாங்களே கடைந்து தனிப் பையில் போட்டு அனுப்புகிறோம். பையில் பச்சை நூல் கட்டியிருக்கும்.

அன்புடன்,
தாசரஹள்ளிப் பக்கத்துப் பட்டறைக்காரன்